உடல் எடை ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது? உணவின் வரவும் உடலின் செலவும்

உணவின் வாயிலாக உடலுக்குக் கிடைக்கும் ஆற்றல் வரவு. உடல் பயன்படுத்தும் ஆற்றல் செலவு. நீண்ட காலத்தில் வரவு மிகுந்தால் எஞ்சிய ஆற்றல் பெரும்பாலும் கொழுப்பாகச் சேமிக்கப்பட்டு எடை கூடுகிறது. செலவு மிகுந்தால் அச்சேமிப்பு கரைந்து எடை குறைகிறது. இக்கணக்கைப் புரிந்துகொள்வது எடையைக் கட்டுப்படுத்துவதற்கு மட்டுமன்றி, சில நோய்களை உரிய காலத்தில் இனங்காண்பதற்கும் உதவும்.

வரவு எங்கிருந்து வருகிறது?

உணவின் ஆற்றலைக் கிலோகலோரி என்னும் அலகால் அளக்கிறோம். வழக்கில் அதையே கலோரி என்கிறோம். ஒரு கிராம் மாவுச்சத்திலும் ஒரு கிராம் புரதத்திலும் தலா 4 கலோரி உள்ளது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி உள்ளது. ஆகவே, ஆவியில் வெந்த இட்லியைவிட, அதே அளவு மாவில் எண்ணெய் ஊற்றிச் சுட்ட தோசையில் கலோரி கூடுதல்.

செலவு எவ்வாறு நிகழ்கிறது?

நாம் உறங்கும்போதும் இதயம், மூளை, நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவை இயங்கிக்கொண்டே இருக்கின்றன. உடலுழைப்புக் குறைந்தவர்களிடம் அன்றாடச் செலவில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு இவ்வியக்கத்திற்கே ஆகிறது. உணவைச் செரித்து உட்கொள்ள ஏறத்தாழ 10 விழுக்காடு ஆகிறது. நடை, வீட்டுவேலை, உடற்பயிற்சி ஆகியவற்றின் பங்கு எஞ்சியதே.

முதுமையில் தசை குறைவதால் இச்செலவும் குறைகிறது. எடை குறைந்த உடலுக்கும் முன்பைவிடக் குறைந்த ஆற்றலே போதும். உணவைக் குறைத்த சில மாதங்களில் எடை இறங்குவது நின்றுபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சிறு மிகை, நாளடைவில் பெரிய மாற்றம்

ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் சுமார் 20 கலோரி உள்ளது. நாளொன்றுக்கு மூன்று முறை, இரண்டு தேக்கரண்டி சர்க்கரையிட்டுத் தேநீர் அருந்துபவருக்குச் சர்க்கரையால் மட்டும் 120 கலோரி சேருகிறது. அதனை ஈடுசெய்ய, 60 கிலோ எடையுள்ளவர் சுமார் அரை மணிநேரம் விரைந்து நடக்க வேண்டியிருக்கும்.

சமையல் எண்ணெயையும் கணக்கிடுங்கள். பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் செலவானால், ஒருவருக்கு நாள்தோறும் சுமார் 340 கலோரி எண்ணெயிலிருந்தே கிடைக்கிறது. அதை 3 லிட்டராகக் குறைத்தால், சோற்றின் அளவை மாற்றாமலேயே ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்குச் சுமார் 140 கலோரி குறையும்.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. எனவே கொழுப்பு ஓரிரு நாளில் கூடுவதோ கரைவதோ இல்லை. வாரத்திற்கு அரை கிலோ வரை குறைவது பொதுவாகப் பாதுகாப்பானது. பட்டினி கிடந்து விரைவாக எடையைக் குறைத்தால் தசையும் கரையும். உடற்பருமன் உள்ளவர்கள் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே இரத்த அழுத்தமும் இரத்தச் சர்க்கரையும் மேம்படும்.

எடையை எப்போது பார்க்க வேண்டும்?

நாளுக்கு நாள் காணப்படும் ஒரு கிலோ வரையிலான ஏற்ற இறக்கம் பெரும்பாலும் நீரின் அளவு, உணவிலுள்ள உப்பு, மலச்சிக்கல் ஆகியவற்றால் நேர்வது. வாரம் ஒரு முறை, காலையில் காலைக்கடன் முடித்து, உணவு உண்ணும் முன், ஒரே எடைக்கருவியில் எடை பாருங்கள். அதைத் தேதியுடன் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். நான்கு வாரப் போக்கே உண்மை நிலையைக் காட்டும்.

கணக்கு பொருந்தாதபோது

உணவிலும் உழைப்பிலும் மாற்றமின்றி எடை மாறினால் அதற்கு வேறு காரணம் இருக்கலாம். பராமரிப்பாளர்கள் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

• நன்றாக உண்டும் இளைத்தல்: கட்டுப்பாடற்ற நீரிழிவில், உண்ட உணவின் ஆற்றல் சிறுநீரில் சர்க்கரையாக வெளியேறுகிறது. அதிக தாகமும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் உடனிருக்கும். தைராய்டு சுரப்பு மிகுந்தால் உடலின் செலவு கூடுகிறது. படபடப்பும் கைநடுக்கமும் தோன்றும்.

• பசியின்றி இளைத்தல்: காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு ஆகியவற்றில் வரவு குறைகிறது. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை இருந்தால் சளிப் பரிசோதனை தேவை.

• ஓரிரு நாளில் எடை கூடுதல்: இதய, சிறுநீரக, கல்லீரல் நோயாளிகளுக்கு இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது கொழுப்பன்று; உடலில் தேங்கிய நீர். கால்வீக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முயற்சியின்றி ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் எடையில் 5 விழுக்காடு குறைந்தால், அதாவது 60 கிலோ எடையுள்ளவர் 3 கிலோ இழந்தால், மருத்துவரை அணுக வேண்டும். "வெயிலால் இளைத்துவிட்டார்", "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடக் கூடாது. உடற்பருமன் உள்ளவர் காரணமின்றி இளைத்தாலும் மகிழ்ச்சியடையாமல் காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

தாமாக உணவைக் குறைக்கக் கூடாதவர்கள்

இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்போர் உணவைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சிறுநீரக நோயாளிகள், காசநோய் சிகிச்சையில் இருப்போர் ஆகியோரும் மருத்துவரின் ஆலோசனையின்றி உணவுக் கட்டுப்பாட்டைத் தொடங்கக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரைகளும் மனநல மருந்துகள் சிலவும் எடையைக் கூட்டலாம். அதற்காக அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இரத்தச் சர்க்கரைப் பரிசோதனையும் சளிப் பரிசோதனையும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. செல்லும்போது எடைக் குறிப்பேட்டையும், தற்போது எடுத்துவரும் மருந்துகளையும் தவறாமல் கொண்டு செல்லுங்கள்.