ஐஸ் பெட்டியில் பேசாத கல்லீரல்

இயந்திரத்தில் ஏற்றும்போது தானக் கல்லீரல் வெளிறி, சில்லிட்டுக் கிடக்கும். நாளங்களில் குழாய்களைப் பொருத்தி, உடல் சூட்டில், ஆக்சிஜன் கலந்த ரத்தத்தை ஓடவிட்டால் சற்று நேரத்தில் செம்பழுப்பு நிறம் ஏறத் தொடங்கும். பிறகு பித்தநாளத்தில் செருகிய மெல்லிய குழாயில் பித்தம் சொட்டுச் சொட்டாக இறங்கும். எந்த உடலிலும் இல்லாத நிலையில் அது வேலையைத் தொடங்கிவிட்டது.

பல பத்தாண்டுகளாக இந்த இடத்தில் ஐஸ் பெட்டிதான் இருந்தது. இன்றும் பல இடங்களில் அதுதான். எடுத்த கல்லீரலைப் பாதுகாப்புத் திரவத்தால் அலசி, அதே திரவம் நிறைந்த பையில் போட்டு, ஐஸில் வைத்துக்கொண்டு விரைவார்கள். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சவுதார்டும் உருவாக்கிய திரவம் வந்த பிறகு, கையிலிருந்த அவகாசம் 12 மணி நேரத்தைத் தொட்டது. மலிவான, எளிய முறை. எத்தனையோ உயிர்களைக் காத்த முறை.

ஆனால் குளிர் சேதத்தைத் தள்ளிப்போடுமே தவிர, தடுக்காது. 4 டிகிரியில் செல்களின் இயக்கம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினாலும், ஆக்சிஜன் இல்லாததால் எரிசக்தி தீர்ந்துகொண்டே போகும். சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் நின்று, செல் ஊதும். பெரிய அடி விழுவது நோயாளியின் உடலில் மீண்டும் ரத்தம் பாயும்போதுதான். அதுவரை தேங்கிய பொருட்கள் ஆக்சிஜனைக் கண்டதும், திசுவைச் சிதைக்கும் மூலக்கூறுகள் பெருகும். கொழுப்பு படிந்த கல்லீரலும், இதயம் நின்ற பிறகு எடுத்த கல்லீரலும் இந்த அடியில் எளிதில் துவண்டுவிடும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு என்பேன். ஐஸில் கிடக்கும் கல்லீரல் தன்னைப் பற்றி எதுவும் சொல்லாது. நிறத்தைப் பார்த்து, தொட்டுப் பார்த்து, தானம் தந்தவரின் வயதையும் நோய்களையும் வைத்து மருத்துவர் கணிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒதுக்கிவிடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது. சிறுநீரகம் கைவிட்டால் டயாலிசிஸ் உண்டு; கல்லீரலுக்கு அப்படி நீண்ட நாள் தாங்கிப்பிடிக்கும் வழி இல்லை. ஆனால் பெருந்துயரத்துக்கு நடுவே ஒரு குடும்பம் மனமுவந்து கொடுத்தது, வெறும் சந்தேகத்தால் வீணாகிறதே!

ஆக்ஸ்ஃபோர்டில் அறுவை மருத்துவர் பீட்டர் ஃப்ரெண்டும் பொறியாளர் கான்ஸ்டன்டின் கூசியோஸும் பல ஆண்டுகள் உழைத்தது, கல்லீரலைச் சூடாகவே வைத்திருக்கும் இயந்திரத்துக்காக. 2013 பிப்ரவரியில், லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில், அதில் காத்த கல்லீரல் முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 2018இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், ஐஸில் வைத்தவற்றோடு ஒப்பிட, சேதம் பாதியாகக் குறைந்திருந்தது, ஒதுக்கப்பட்டவையும் பாதிதான். அதுவும் சராசரியாக 54 சதவீதம் கூடுதல் நேரம் வெளியே வைத்திருந்தும்!

பர்மிங்ஹாம் மருத்துவர்கள் ஒரு படி மேலே போனார்கள். பிரிட்டனில் எந்த மையமும் ஏற்காத 31 கல்லீரல்களை இயந்திரத்தில் ஓட்டினார்கள். ரத்தத்தில் லாக்டேட் இறங்குகிறதா, பித்தம் சுரக்கிறதா, நாளங்களில் ஓட்டம் சீராக இருக்கிறதா என்று பார்த்தார்கள். 22 தேறின. அவற்றைப் பெற்ற 22 பேரும் 90 நாட்களைக் கடந்தார்கள். பின்னர் அவர்களில் நான்கு பேருக்குப் பித்தநாளம் சுருங்கி, மறுபடியும் மாற்று அறுவை செய்ய நேர்ந்தது.

பித்தநாளம்தான் இன்னும் வலுவற்ற இடம். அதற்கு வேறொரு உத்தி பலன் தருகிறது: ஐஸிலிருந்து எடுத்ததும், குளிர்ந்த நிலையிலேயே ஆக்சிஜன் ஏற்றிய திரவத்தைச் சில மணி நேரம் ஓடவிடுவது. இதயம் நின்றபின் எடுத்த கல்லீரல்களில் இதைச் செய்தபோது, தொல்லை தரும் பித்தநாளச் சுருக்கம் 18 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்ததாக நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு தலைமையிலான ஆய்வு 2021இல் காட்டியது.

அதே ஆண்டு மே மாதம் சூரிச்சில் நடந்ததை மறக்க முடியவில்லை. ஒரு கல்லீரலில் சந்தேகத்துக்கிடமான கட்டி. அது என்னவென்று சோதித்து முடிக்க ஐஸ் தரும் அவகாசம் போதாது என்பதால் மற்ற மையங்கள் ஏற்கவில்லை. சூரிச் குழு அதைத் தங்கள் இயந்திரத்தில் மூன்று நாட்கள் வைத்திருந்தது. இன்சுலின் கொடுத்தார்கள், டயாலிசிஸ் செய்தார்கள். ஒரே இடம் அழுந்திப் புண்ணாகாதபடி, மூச்சு விடும்போது உதரவிதானம் அசைப்பதுபோல் கல்லீரலை அசைத்துக்கொண்டே இருந்தார்கள். நோயாளிக்குத் தருவதுபோலவே அதற்கும் ஆன்டிபயாட்டிக் செலுத்தினார்கள். கட்டி புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. அதைப் பெற்றவர், ஓராண்டு கழித்தும் நலமாக இருந்தார்.