கூடிக் கேட்டலும் ஆய்ந்து சொல்லலும்: புதிய இசைத்தொகுப்புகளைத் தமிழில் திறனாய்தல்

புதிய இசைத்தொகுப்பு ஒன்று வெளிவந்தால், நம் மாணவர்கள் அன்று மாலைக்குள் அதனைக் கேட்டு முடித்து, நண்பர்களோடு கருத்தாடத் தொடங்கிவிடுகின்றனர். அக்கருத்தாடல் எம்மொழியில் நிகழ்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாடல் தமிழில் இருக்க, அதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைகிறது. தமிழில் அமையும்போதோ, 'அருமை', 'பரவாயில்லை', 'சுமார்' என்னும் மூன்று சொற்களோடு முடிந்துவிடுகிறது. பாடவும் கேட்கவும் பயன்படும் ஒரு மொழி, மதிப்பிடப் பயன்படாமற்போனால், அது விழாமேடைக்கு மட்டும் உரிய மொழியாகச் சுருங்கிவிடும். இந்நிலையை மாற்றுவதற்கு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் எளிதில் கைவரக்கூடிய ஒரு பயிற்சி உண்டு. இசை ஆர்வலர் சிலர் கூடிப் புதிய தொகுப்பு ஒன்றைக் கேட்டு, தமிழிலேயே திறனாய்தல் என்பதே அப்பயிற்சி. அதன் அடிப்படைகளையும் நடைமுறையையும் இங்கு விளக்க முற்படுகிறோம்.

இசைத்தொகுப்பு என்பது யாது?

நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிட இசையே அடங்கும். நீண்ட இசைப்படைப்பு பல தட்டுகளாகப் பிரிந்து, புத்தகம்போல் கட்டப்பட்ட உறைகளில் வைக்கப்பட்டது. படங்களைச் சேர்த்துவைக்கும் ஏட்டுக்குரிய 'ஆல்பம்' என்னும் பெயர் இசைக்கு வந்தது இவ்வாறே. 1948ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனம் நீளிசைத்தட்டை வெளியிட்டபோது, ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கும் மேலான இசை இடம்பெற இயன்றது. பின்னர் 1963இல் ஒலிநாடாப் பேழையும், 1982இல் குறுவட்டும் வந்தன. எப்பாடலை முதலில் வைப்பது, எதனோடு முடிப்பது என்பதும் படைப்பின் ஒரு கூறாயிற்று. ஆகவே, இசைத்தொகுப்பு என்பது பாடல்களின் எண்ணிக்கையால் மட்டும் அமைவதன்று; ஒரு நோக்கத்தின்கீழ் வரிசைப்பட்ட பாடல்களின் முழுமையே தொகுப்பாகும்.

தமிழில் பெரும்பாலான பாடல்கள் திரைப்படங்களோடு பிறந்தவை. திரைப்பாடல் ஒரு காட்சிக்குத் துணைசெய்ய வேண்டியது. எனவே, படம் வருமுன் ஒரு முறையும் வந்தபின் ஒரு முறையும் அதனை மதிப்பிட வேண்டியுள்ளது. தனித்தொகுப்புக்கோ அத்தகைய கதைத்துணை இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), ஏ.ஆர். ரகுமானின் 'வந்தே மாதரம்' (1997), இளையராஜா சிம்பொனி இசைக்குழுவோடு அமைத்த 'திருவாசகம்' (2005) ஆகியவை திரைக்கு வெளியே தம் காலில் நின்றவை. நம் வட்டாரத்தில், மலேசியாவின் பொயட்டிக் அம்மோ குழு 1998இல் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் சொல்லிசைப் பாடல்களைக் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. அக்குழுவைச் சேர்ந்த யோகி பி, நட்சத்திரா குழுவினரோடு இணைந்து 2006இல் 'வல்லவன்' என்னும் தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்பைத் தந்தார்.

கண்டடையும் வழிகள்

2015ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் முதல், உலகின் பல நாடுகளில் புதிய இசைத்தொகுப்புகள் வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகின்றன. இப்பெருக்கத்தில் எதனைத் தேர்வது? இசைச் செயலிகள், நாம் முன்பு கேட்டவற்றை ஒத்தவற்றையே பெரிதும் பரிந்துரைக்கின்றன. உடன் கேட்கும் நண்பரோ, நாம் ஒருபோதும் தேடியிராத ஒன்றை முன்வைக்கக்கூடும். எனவே, குழுவில் ஒவ்வொருவரும் முறைவைத்து, மற்றவர் கேட்டிராத ஒரு தொகுப்பைக் கொண்டுவருதல் நன்று. மூன்று தொகுப்புகளுள் ஒன்றேனும் உள்ளூர்ப் படைப்பாக இருக்கலாம். பாடகர் பெயரோடு நின்றுவிடாமல், பாடலாசிரியர், கருவி இசைத்தோர், ஒலிக்கலவை செய்தோர் ஆகியோரின் பெயர்களையும் படித்தல் வேண்டும். ஒரு பெயரைப் பின்தொடர்ந்து சென்றால், அவர் பங்களித்த வேறு தொகுப்புகள் கிடைக்கும்.

மரபு தரும் கருவிகள்

இசையைத் திறனாயும் சொல்வளம் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் எனப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் உரிய தகுதியைத் தனித்தனியே கூறுகிறது. ஒரு நிகழ்ச்சியை மொத்தமாகப் புகழாமல், உறுப்புறுப்பாக நோக்கும் பார்வை அதிலுண்டு. நன்னூல், நூலுக்குரிய குற்றங்கள் பத்தையும் அழகுகள் பத்தையும் ஒருங்கே வகுத்தமைத்தது. குற்றமும் குணமும் சேர்த்துக் காண்பதே ஆய்வு என்பது அதனால் விளங்கும். 'கேள்வி' என்னும் நம் சொல்லும் செவியால் கேட்பதையும் வினவுவதையும் ஒருசேரக் குறிக்கிறது.

இவற்றோடு பல்லவி, சரணம், தொடக்க இசை, இடையிசை, தாளக்கட்டு, சுருதி, ஒலிக்கலவை போன்ற சொற்கள் நம் கையில் உள்ளன. யாப்பிலக்கணமும் பயன்படும். ஆங்கிலச் சொல்லிசை, அடியின் இறுதியில் ஒலி ஒத்துவருவதைப் பெரிதும் நாடுகிறது. அதனை நாம் இயைபு என்போம். தமிழ்ச் செய்யுளோ, அடியின் தொடக்கத்தில் எதுகையையும் மோனையையும் போற்றி வளர்ந்தது. தமிழ்ச் சொல்லிசைக் கலைஞர்க்கு இவ்விரு வழிகளும் திறந்துள்ளன. புதிய பாடலொன்றில் எவ்வழி ஆளப்பட்டுள்ளது என்று மாணவரைக் கண்டறியச் செய்தால், வகுப்பில் கற்ற இலக்கணம் செவிக்குப் புலனாகும்.

கேட்டு எழுதும் முறை

ஐவர் அல்லது அறுவர் கொண்ட குழு போதுமானது. முதன்முறை தொகுப்பை இடையில் நிறுத்தாமல், பேசாமல், கொடுக்கப்பட்ட வரிசையிலேயே கேட்க வேண்டும். இரண்டாம் முறை குறிப்பெடுத்துக் கேட்கலாம். பின்னர், பேச்சைத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் மூன்று வாக்கியங்களேனும் எழுதி வைத்தல் இன்றியமையாதது. இல்லையேல் முதலில் பேசுபவரின் கருத்தே அனைவரின் கருத்தாகிவிடும்.

எழுதும்போது விவரித்தல், விளக்குதல், மதிப்பிடுதல் என்னும் மூன்றையும் பிரித்தறிய வேண்டும். 'பாடல் உள்ளத்தைத் தொடுகிறது' என்பது மதிப்பீடு மட்டுமே. அதற்குச் சான்று இல்லை. 'இரண்டாம் சரணத்தில் கருவிகள் யாவும் ஓய்ந்து குரல் மட்டும் ஒலிக்கிறது. அதனால் பிரிவைச் சொல்லும் அடி அழுத்தம் பெறுகிறது' என்று எழுதினால், கேட்பவர் அவ்விடத்திற்கே சென்று சரிபார்க்க இயலும். உடன்படாதவரும் எதனை மறுக்கிறோம் என்று தெளிந்து மறுப்பார்.

கூடிக் கேட்பதன் பயனுக்கு 'வல்லவன்' தொகுப்பின் 'மடை திறந்து' பாடல் நல்ல சான்று. 1980இல் வெளிவந்த 'நிழல்கள்' திரைப்படத்திற்காக இளையராஜா இசையமைத்த பாடலை எடுத்தாண்டு, மலேசியக் கலைஞர்கள் தம் சொல்லிசையை அதனோடு பிணைத்தனர். பழைய பாடலை அறிந்தவர், இதனை இரு தலைமுறைகளின் உரையாடலாகக் கேட்பார். அறியாத இளையவர், தாளக்கட்டையும் சொல்வேகத்தையும் முதலில் உணர்வார். இவ்விருவரும் ஒரே குழுவில் அமர்ந்தால், எடுத்தாண்ட பகுதி புதிய பொருள் பெற்றதா, பழைய பாடலின் புகழில் சாய்ந்து நின்றதா என்னும் வினா எழும். தனியே கேட்கும் ஒருவரிடம் அவ்வினா எளிதில் எழுவதில்லை.

நடுவுநிலை

நம் நாடுகளில் தமிழ் இசையுலகம் சிறியது. பாடியவரைக் கேட்பவரும், எழுதியவரைத் திறனாய்பவரும் அறிந்திருக்கக்கூடும். அதனால் உள்ளூர்ப் படைப்பு என்ற ஒரே காரணத்திற்காகப் புகழ்வதும், தமிழ்நாட்டுப் படைப்போடு ஒப்பிட்டு ஒரு சொல்லில் தள்ளுவதும் நிகழ்கின்றன. இரண்டும் கலைஞர்க்கு உதவா. கலைஞர் ஒருவர் பல மாதம் உழைத்து உருவாக்கிய தொகுப்புக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அதனை முழுமையாகக் கேட்டு, எது நிறைவுற்றது, எது நிறைவுறவில்லை என்பதைக் காரணத்தோடு சொல்வதாகும். குறை கூறுமிடத்தும் பாடலைக் குறிப்பதன்றி ஆளைக் குறித்தல் ஆகாது.

ஆசிரியர்கள் தவணைக்கு ஒரு தொகுப்பைத் தேர்ந்து, மாணவரைக் குழுவாகக் கேட்கச் செய்து, ஒவ்வொருவரிடமிருந்தும் இருநூறு சொற்களில் ஒரு திறனாய்வைப் பெறலாம். பாடல்வரிகளின் பொருத்தம் பற்றிய ஆய்வு வகுப்பிற்கு ஏற்றதா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுதல் நன்று. மாணவர்கள், பள்ளிக்கு வெளியேயும் இப்பழக்கத்தைத் தொடரலாம். தமக்குப் பிடித்த பாடல் ஏன் பிடித்தது என்பதைத் தமிழில் சொல்லத் தெரிந்த மாணவர், தாம் படிக்கும் கவிதையையும் காணும் நாடகத்தையும் அவ்வாறே மதிப்பிடும் ஆற்றலைப் பெறுவர். அவ்வாற்றலைத் தமிழ்வழியே வளர்ப்பது நம் கடமையாகும்.