நந்தி மலையடிவாரத்துத் திராட்சையும் நம் பீடத்துக் கிண்ணமும்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



கானாவூர்த் திருமணம் நற்செய்தியாக வாசிக்கப்படும் ஞாயிறுகளில், திருப்பலி முடிந்ததும் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் போவதில்லை. "சாமி, இயேசுவே தண்ணியை ரசமாக்கிக் கொடுத்தாரு. நீங்களும் பீடத்தில ரசம் குடிக்கிறீங்க. நாங்க குடிச்சா மட்டும் தப்பா?" கேட்பவர் சிரித்துக்கொண்டுதான் கேட்கிறார். பக்கத்தில் நிற்கும் அவருடைய மனைவி சிரிப்பதில்லை.

அந்த அம்மாவின் முகத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்று பதில் தேடுவோம். முதலில், நல்ல திராட்சை இரசம் என்றால் என்ன, அது எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்வோம். அதற்குப் பிரான்சு வரை போக வேண்டாம். பெங்களூருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், நந்தி மலையின் அடிவாரத்தில், தொட்டபள்ளாப்பூர் இருக்கிறது. அங்கே போனால் போதும்.

கன்வல் குரோவர் என்ற தொழிலதிபருக்குப் பிரெஞ்சு நாட்டு இரசத்தின்மேல் ஆர்வம். இந்திய மண்ணிலும் அதே தரத்தில் செய்ய முடியுமா என்று பார்க்க, ஷாம்பேன் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெசெல் என்ற அனுபவசாலியின் துணையோடு இடம் தேடினார். கடைசியில் தேர்ந்தெடுத்தது இந்த மலையடிவாரத்தை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். பகலில் வெயில், இரவில் குளிர்ச்சி. வெயில் பழத்தில் இனிப்பை ஏற்றும். இரவுக் குளிர்ச்சி புளிப்பை இழந்துவிடாமல் காக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் இரசத்துக்குச் சுவை.

1988-இல் நிறுவனம் தொடங்கியது. முதல் இரசம் விற்பனைக்கு வந்தது 1992-இல். 1990-களின் நடுவில் பிரான்சின் போர்தோ பகுதியைச் சேர்ந்த மிஷேல் ரோலான் ஆலோசகராக வந்தார். 'லா ரிசர்வ்' என்ற சிவப்பு இரசம் இவர்களுடைய பெருமை. கபர்னே சொவிஞோன், ஷிராஸ் என்ற இரண்டு திராட்சை வகைகளின் கலவை அது. 2005-இல், இங்கிலாந்தின் 'டிகேன்டர்' இதழில் எழுதிய ஸ்டீவன் ஸ்பரியர் அதை உயர்ந்த இடத்தில் வைத்துப் பாராட்டினார். இந்தியாவில் நல்ல இரசம் வராது என்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தத் தோட்டத்தில் என்ன நடக்கிறது? ஐரோப்பாவில் பனிக்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்துத் தூங்கிவிடும். நம் நாட்டில் குளிர் அவ்வளவு இல்லாததால் கொடி தூங்குவதே இல்லை. விட்டால் ஆண்டு முழுவதும் இலையும் கொடியுமாகப் படர்ந்துகொண்டே இருக்கும். அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை கத்தரிக்கிறார்கள். அறுவடை முடிந்து கோடையில் ஒரு முறை. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் இன்னொரு முறை. இரண்டு முறை வெட்டினாலும் இரசத்துக்கென்று எடுப்பது ஒரே அறுவடைதான், பிப்ரவரி, மார்ச் மாதங்களில். குலைகள் மிகுதியாக இருந்தால் சிலவற்றைக் காயிலேயே கிள்ளிப் போடுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் மிச்சமுள்ள பழத்தில் சாரம் கூடும்.

யோவான் நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம்மைத் திராட்சைக் கொடி என்கிறார். தந்தையைத் தோட்டக்காரர் என்கிறார். கனி தரும் கிளையைத்தான் தந்தை கழித்துவிடுகிறார் என்கிறார். இது வெறும் உவமை அழகு அல்ல. திராட்சைத் தோட்டத்தில் நாள் முழுவதும் நின்ற எந்தக் கூலியாளும் இதைச் சொல்லிவிடுவார்.

பறித்த பழத்தை நசுக்கித் தோலோடு தொட்டியில் இடுகிறார்கள். பெரும்பாலான கறுப்புத் திராட்சையின் சாறு நிறமற்றது. சிவப்பு நிறம் தோலிலிருந்துதான் இறங்குகிறது. நம் வீட்டு இட்லி மாவு புளித்துப் பொங்குவதுபோல இதுவும் நொதித்துப் பொங்கும். ஈஸ்ட் என்ற நுண்ணுயிரி பழத்தின் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். ஒன்றிரண்டு வாரத்தில் அது முடிந்ததும் பிழிந்து வடித்து, லா ரிசர்வ் போன்ற உயர்ந்த இரசத்தைப் பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய்களில் மாதக்கணக்கில் வைக்கிறார்கள். மரத்தின் நுண்துளைகள் வழியாகக் காற்று மெல்ல மெல்லப் புகுந்து துவர்ப்பைத் தணிக்கும். 750 மில்லி கொண்ட ஒரு புட்டிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழம் வேண்டும். அதன் விலையில் பழத்தின் பங்கு கொஞ்சம்தான். மீதியெல்லாம் உழைப்பும் காத்திருப்பும்.

இப்போது நம் பீடத்துக்கு வருவோம். திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924-ஆம் எண் தெளிவாகச் சொல்கிறது: திருப்பலிக்குரிய இரசம் திராட்சையிலிருந்தே வந்ததாக, இயற்கையானதாக, கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும். நம் திருவானைக்காவலின் தல மரம் நாவல். நாவற்பழச் சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றினால் பார்வைக்குச் சிவப்பு இரசம்போலவே இருக்கும். ஆனாலும் திருப்பலிக்கு ஆகாது. விலையுயர்ந்ததாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. கலப்படமில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. காணிக்கை நேரத்தில் குருவானவர் கிண்ணத்தை உயர்த்தி மன்றாடும்போது, கொடியின் கனியோடு மனித உழைப்பையும் சேர்த்தே கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கிறார். கத்தரித்தவர், பறித்தவர், பிழிந்தவர் அத்தனை பேரின் கைகளும் அதில் இருக்கின்றன.

ஆகவே திராட்சை இரசம் பாவப்பொருள் அல்ல. திருப்பாடல் ஆசிரியர் அதைக் கடவுளின் கொடையாகவே பாடுகிறார். ஆனால் அதே விவிலியத்தின் நீதிமொழிகள் நூல், குடியில் மூழ்கியவரின் சிவந்த கண்களையும் காரணமில்லாத காயங்களையும் கண்முன் நிறுத்துகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

அந்தச் சகோதரர் கேட்ட கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு. திராட்சை இரசத்தில் 100-க்கு ஏறத்தாழ 13 பங்கு ஆல்கஹால். 150 மில்லி கோப்பையில் அது சுமார் 20 மில்லி. நம் ஊர்க் கடையில் விற்கும் பிராந்தியில் 100-க்கு 42.8 பங்கு. 180 மில்லி குவார்ட்டரில் 77 மில்லி. அதாவது ஒரு குவார்ட்டர் ஏறத்தாழ நான்கு கோப்பை இரசத்துக்குச் சமம். பீடத்தில் குருவானவர் அருந்துவது சில தேக்கரண்டி, அதிலும் துளித் தண்ணீர் சேர்த்து. கானாவூரிலோ கல்யாண வீடு முழுவதும் கூடிப் பகிர்ந்துகொண்டது. குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்ற ஆண்டவர் செய்த அருஞ்செயலை, குடும்பத்தின் மானத்தை வாங்குகிற காரியத்துக்குச் சாட்சியாக அழைக்கலாமா?

உயர்ந்த இரசம்தான், உடம்புக்கு நல்லது என்று சொல்பவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே மதுவைப் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்திவிட்டது. புட்டியின் விலை ஏறினாலும் உள்ளே இருக்கும் ஆல்கஹால் அதேதான்.

திராட்சைக் கொடியைக் கத்தரித்தால் கனி வருகிறது. குடிக்கிறவர் வீட்டிலும் கத்தரிப்பு நடக்கிறது. ஆனால் அங்கே வெட்டுப்படுவது பிள்ளையின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருந்து, மனைவி சேர்த்துவைத்த சீட்டுப் பணம். அதிலிருந்து எந்தக் கனியும் வருவதில்லை. எதைக் கத்தரிக்க வேண்டும் என்று தோட்டக்காரரிடம் கேட்டால், அவர் குடும்பத்தின்மேல் கத்தியை வைக்க மாட்டார்.

குடிப்பழக்கத்தோடு போராடுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நற்கருணையை அப்ப வடிவில் மட்டும் பெற்றாலும் முழு கிறிஸ்துவைத்தான் பெறுகிறீர்கள். இரசத்தில் தோய்த்து வழங்கும் நாள்களில் "அப்பம் மட்டும் போதும், சாமி" என்று தயங்காமல் சொல்லுங்கள். இந்தப் போராட்டம் உள்ள குருக்களுக்குக்கூட, ஆயரின் அனுமதியோடு, நொதித்தல் தொடங்கியதும் நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைத் திருப்பலியில் பயன்படுத்தத் திருச்சபை இடம் தந்திருக்கிறது. இதைச் சொல்லத் திருச்சபையே வெட்கப்படவில்லை. நீங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

இன்னொன்று. பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய் மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள். தனியே போகக் கூச்சமாக இருந்தால் பங்கு இல்லத்துக்கு வாருங்கள், சேர்ந்தே போவோம். அடுத்த முறை அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கும்போது, பக்கத்தில் நிற்கும் உங்கள் மனைவியும் சிரிக்க வேண்டும்.

கொடியோடு இணைந்த கிளைகளாக நம் குடும்பங்கள் நிலைத்திருக்க இறைவன் அருள்வாராக. ஆமென்.