பூக்கடையிலிருந்து போன கடிதம்

ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஹோம் ஒபிசோ, கவுன்சிலோ என்று பயந்து, உறையை உடைக்காமலே நாலு நாள் மேசையில் வைத்திருந்த காலம் எங்களுக்கும் இருந்தது. அப்படிப்பட்ட நாங்களே இன்னொருவருக்கு ஒரு கடிதம் போடவேண்டி வந்தது. இங்கிலாந்தில் பூ வியாபாரம் செய்கிற, செய்ய நினைக்கிற குடும்பங்களுக்கு உதவும் என்பதால் அதை எழுதுகிறோம்.

நாங்கள் தொடங்கியது குசினி மேசையில். தெரிந்தவர்களின் கலியாணத்துக்கு மாலையும் கொண்டைப்பூவும் கட்டிக் கொடுத்தோம். பிறகு சாமத்தியவீடு, கோயில் திருவிழா, மணவறைச் சோடனை என்று வேலை கூடி, இலண்டன் புறநகரில் சிறிய கடையொன்றை எடுத்தோம். வாடகைக்கே முதல் வருடம் மூச்சு முட்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு அம்மா தொலைபேசியில் வந்தார். "நாளைக்கு எத்தனை மணிக்கு மாலை கொண்டு வருவியள்?" என்று கேட்டார். எங்கள் கொப்பியில் அப்படி ஒரு ஓடரே இல்லை. விசாரித்தால், எங்கள் கடைப் பெயரைப் போலவே பெயர் வைத்த வேறொருவரிடம் முற்பணம் கட்டியிருக்கிறார். அவருக்குக் கிடைத்த துண்டுப்பிரசுரத்தில் இருந்தது நாங்கள் சோடித்த மணவறையின் படம். "உங்கட வேலை எண்டு நினைச்சுத்தான் காசு குடுத்தனான்" என்றார்.

அந்தக் கடைக்காரருக்கு அன்றிரவே தொலைபேசி எடுத்தோம். "என்ன அண்ணை, படம்தானே, அதில என்ன கிடக்கு?" என்று சிரித்தார். கோபத்தில் மண்டபக்காரர்களுக்கும் கோயில்காரர்களுக்கும் அவர் ஒரு ஏமாற்றுக்காரர் என்று சொல்லப் புறப்பட்டோம். நல்லவேளையாக, ஒரு நண்பர் எங்களை ஒரு சொலிசிட்டரிடம் கூட்டிப்போனார். அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஊருக்குச் சொல்லாதீர்கள், அவருக்கு எழுதுங்கள்." ஊருக்குச் சொல்லியிருந்தால் மானநட்ட வழக்கில் நாங்கள்தான் நின்றிருப்போம்.

எழுதச் சொன்னது, செய்கிற காரியத்தை நிறுத்தும்படி கேட்கும் கடிதம். ஆங்கிலத்தில் 'சீஸ் அண்ட் டெசிஸ்ற் லெற்றர்' என்பார்கள். இது நீதிமன்றக் கட்டளை அல்ல, பொலிஸ் கடிதமும் அல்ல. சட்டத்தரணிதான் எழுதவேண்டும் என்றும் இல்லை. அதன் பின்னால் எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது, அதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்பதுதான் அதன் பலம்.

எங்கள் உரிமை எது என்று பார்க்கத் தொடங்கியபோதுதான் தலை சுற்றியது. அவர் பாவித்த படங்கள் மூன்று. சோடனை எங்களுடையதுதான். ஆனால் 1988ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி படத்தின் உரிமை, பொதுவாக அதை எடுத்தவருக்கே. எங்கும் பதியத் தேவையில்லை, எடுத்த கணமே அது பிறந்துவிடும். இரண்டு படங்களை எடுத்தவர் எங்கள் மச்சான். அவர் உரிமையை எங்களுக்குத் தருவதாக எழுதிக் கையெழுத்து வைத்தார். வாய்ப்பேச்சில் அது மாறாது. மூன்றாவது படம் கலியாணத்துக்கு வந்த படப்பிடிப்பாளர் எடுத்தது. அதை அனுமதி கேட்காமல் எங்கள் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தவர்கள் நாங்கள்! சொலிசிட்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை.

பெயர் விடயம் இன்னும் சிக்கல். எங்கள் பெயரிலும் அவருடைய பெயரிலும் 'மல்லிகை' இருந்தது. பூ விற்கிறவன் மல்லிகை என்ற சொல்லைத் தனக்கு மட்டும் என்று வேலி போடமுடியுமா? கம்பனி பதிவகத்தில் பெயர் பதிந்திருந்தோம். அது போதும் என்றே நம்பியிருந்தோம். உங்களில் பலரும் அப்படி நம்பியிருப்பீர்கள். அந்தப் பதிவு வியாபாரச் சின்ன உரிமையைத் தருவதில்லை. பதிவு செய்யாத பெயருக்கு இந்த நாட்டில் 'பாசிங் ஓவ்' என்ற வழிதான் உண்டு. அதற்கு மூன்று விடயங்களைக் காட்டவேண்டும்: அந்தப் பெயருக்கு வாடிக்கையாளர் மத்தியில் நற்பெயர் இருக்கிறது, மற்றவர் தன்னை நாங்கள் என்று நம்பவைக்கிறார், அதனால் எங்களுக்கு நட்டம். பழைய பற்றுச்சீட்டுகள், திகதியுள்ள விளம்பரங்கள், முற்பணம் கட்டிய அந்த அம்மா எழுதித் தந்த விபரம் எல்லாவற்றையும் சேர்த்தோம். பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எறிந்துவிடாதீர்கள் என்று நாங்கள் ஓயாமல் சொல்லித்திரிவது இதனால்தான்.

கடிதம் ஒன்றரைப் பக்கம்தான். நாங்கள் யார், எப்போதிருந்து இந்தப் பெயரில் தொழில் செய்கிறோம், எந்தப் படங்கள் எங்களுடையவை, எந்தத் திகதியில் எதை எங்கே கண்டோம், என்ன வேண்டும். படங்களை எடுக்கவேண்டும், துண்டுப்பிரசுரத்தை நிறுத்தவேண்டும், பெயரை மாற்றவேண்டும், இனிச் செய்யமாட்டேன் என்று எழுதித் தரவேண்டும். பதிலுக்கு 14 நாள் கொடுத்தோம். சாதாரண வழக்குகளுக்கு முன்னதாக அந்தளவு அவகாசம் நியாயமானது என்று நீதிமன்ற நடைமுறையே சொல்கிறது. ஆதாரங்களின் பிரதிகளை இணைத்துப் பதிவுத் தபாலில் போட்டோம்.

முதல் எழுதிய பிரதியில் நாங்கள் ஒரு வரி சேர்த்திருந்தோம்: நிறுத்தாவிட்டால் ஹோம் ஒபிசுக்கு எழுதுவோம் என்று. எங்கள் சனத்துக்குள் இந்தப் பேச்சு இருக்கிறது, மறைப்பதில் பயனில்லை. சொலிசிட்டர் பேனையை எடுத்து வெட்டிவிட்டார். அப்படி மிரட்டிக் காசோ வேறு எதுவோ கேட்பது, கேட்டவரையே குற்றவாளியாக்கக்கூடும். அதைவிட, அகதியாக வந்த ஒருவன் இன்னொரு அகதிக்கு அப்படி எழுதலாமா? இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

ஒன்பதாம் நாள் எங்கள் இரண்டு படங்களும் போய்விட்டன. பெயரை அவர் மாற்றவில்லை. தன் ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்தார், அவ்வளவுதான். வழக்குப் போடலாமா என்று கேட்டோம். அறிவுச் சொத்து வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் 10,000 பவுணுக்கு உட்பட்ட சிறு கோரிக்கைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. வியாபாரச் சின்னம், பதிப்புரிமை, 'பாசிங் ஓவ்' எல்லாம் அங்கே போகலாம். ஆனாலும் மல்லிகைக்காக அலைய எங்களுக்கு மனமில்லை. பெரியவர்களுக்கே அது இலேசாக முடிவதில்லை. இன்ரர்புளோராவின் பெயரைக் கூகிளில் தேடுகிறவர்களுக்கு மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் பூ விளம்பரம் தெரிந்தது. 2008இல் வழக்கு வந்தது. 2011இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2013இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் இன்ரர்புளோரா வென்றது. 2014 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, மீண்டும் விசாரிக்கச் சொல்லிவிட்டது. ஆறு வருடம்! எங்கள் கடை ஆறு மாதமும் தாங்காது.

அதற்குப் பிறகு நாங்கள் பெயரைச் சின்னத்தோடு சேர்த்து வியாபாரச் சின்னமாகப் பதிந்தோம். பூவுக்கு 31ஆம் வகுப்பு, பூ அலங்கார வேலைக்கு 44ஆம் வகுப்பு. பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். பதியாமல் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தைப் போடுகிறவர்கள் கவனிக்கவும், அது இங்கே குற்றம். பதிந்துவிட்டோம் என்று கண்டவருக்கெல்லாம் மிரட்டல் கடிதம் போடவும் கூடாது. காரணமில்லாமல் மிரட்டினால் பாதிக்கப்பட்டவர் எங்கள்மீதே வழக்குப் போடலாம்.

சரி, இப்படியொரு கடிதம் உங்களுக்கு வந்தால்? முதலில் உறையை உடையுங்கள். இது தொழில் பற்றிய தனியார் பிணக்கு, உங்கள் அகதி அந்தஸ்தைப் பற்றிய கடிதம் அல்ல. பதில் கேட்ட திகதியைக் கலண்டரில் குறியுங்கள். அவர்கள் சொல்வது உண்மையா, என்ன உரிமையைக் காட்டுகிறார்கள் என்று பாருங்கள். நீட்டியிருக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில், கேட்டறியாமல் கையெழுத்து வைக்கவேண்டாம். அது வாழ்நாள் முழுவதும் கட்டிப்போடலாம். பேசாமல் குப்பையில் போடுவதும் பிழை, பிறகு செலவு கூடும். சிற்றிசன்ஸ் அட்வைசில் முதலில் கேட்கலாம். இலண்டனில் இருப்பவர்களுக்கு பிரிட்டிஷ் நூலகத்தில் வியாபாரத்துக்கும் அறிவுச் சொத்துக்குமான நிலையம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் தடக்கினால் வளர்ந்த பிள்ளையைக் கூட்டிப்போங்கள், நாங்களும் அப்படித்தான் போனோம்.

அந்த மூன்றாவது படத்துக்கு நாங்களே படப்பிடிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம், மன்னிப்புக் கேட்டு. அவர் காசு கேட்கவில்லை. படத்துக்குக் கீழே தன் பெயரைப் போடச் சொன்னார். இப்போது கடைக் கண்ணாடியில் அவருடைய பெயரோடு அது தொங்குகிறது.