செலீனியம்: கடுகினும் சிறிய அளவு

நம் உடல் வேண்டும் செலீனியம் என்னும் கனிமச் சத்து, வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 55 மைக்ரோகிராம் போதுமானது. ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கி, அதில் 55 கூறுகள்! இச்சிற்றளவும் உணவில் குன்றிய சீனத்தின் கெஷான் வட்டாரத்தில் குழந்தைகளும் இளந்தாய்மாரும் இதய நோயுற்று மாண்டனர். அந்நாட்டின் என்ஷி பகுதியிலோ, 1961 முதல் 1964 வரை, நிலக்கரி வழியாக மண்ணிலும் பயிரிலும் இது மிகுந்துபோக, மக்களின் தலைமயிர் உதிர்ந்தது, நகங்கள் கழன்றன.

2008-இல் அமெரிக்காவில் நிகழ்ந்ததோ நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. சத்துத் திரவம் ஒன்றில், தயாரிப்புப் பிழையால், சீட்டில் குறித்ததைப் போல் 200 மடங்கு செலீனியம் கலந்துவிட்டது. அதைப் பருகிய ஏறத்தாழ இருநூறு பேர் வயிற்றுப்போக்கு, மூட்டுவலி, முடியுதிர்வு கண்டு வருந்தினர். நலம் நாடிக் குடித்ததே நோயாயிற்று.

இம்மாத்திரை புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமோ என 35,000-க்கும் மேற்பட்ட ஆடவரிடம் 2001-இல் தொடங்கிய ஆய்வும், பயன் காணாது 2008-இல் நிறுத்தப்பட்டது.

மீன், முட்டை, தானியம் உண்ணும் இல்லங்களுக்கு, மருத்துவர் பணித்தாலன்றி, இது பெரும்பாலும் வேண்டுவதில்லை என்றே நாம் கருதுகிறோம். வாங்கி வைத்திருப்போர் சீட்டிலுள்ள அளவைப் பாருங்கள். ஐரோப்பிய வல்லுநர் 2023-இல் வகுத்த நாளைய உச்சவரம்பு, உணவையும் சேர்த்து, 255 மைக்ரோகிராமே.