உயிருள்ள மருந்து: உங்களுக்குத் தெரியுமா?

★ மாத்திரையானாலும் ஊசியானாலும், உடம்புக்குள் போன மருந்து நாளடைவில் கரைந்து வெளியேறிவிடும். உள்ளே போன பிறகு பல மடங்காகப் பெருகும் மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் கார்-டி செல். நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுத்து, ஆய்வகத்தில் மாற்றி வளர்த்து, அவருக்கே திருப்பி ஏற்றப்படும் நோய் எதிர்ப்புச் செல்கள் இவை.

★ வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்வது ‘டி செல்’ என்ற நோய் எதிர்ப்புச் செல்லின் வேலை. புற்றுநோய் செல்லோ நம் சொந்த செல்லிலிருந்தே பிறப்பது. அதனால் பல நேரம் தப்பிவிடுகிறது. மோப்ப நாய்க்குத் திருடனின் துணியை முகரக் கொடுப்பதுபோல, புற்றுநோய் செல்லின் அடையாளத்தை டி செல்லுக்குக் காட்டிக் கொடுக்கிறது ஆய்வகத்தில் சேர்க்கப்படும் புதிய மரபணு.

★ அந்த மரபணுவை டி செல்லுக்குள் கொண்டுசேர்ப்பது யார் தெரியுமா? பெரும்பாலும், எச்.ஐ.வி.யிலிருந்து உருவாக்கிய ஒரு வைரஸ்! நோய் உண்டாக்கும் பகுதிகளை நீக்கிவிட்டு, வெறும் வாகனமாக மட்டும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

★ இப்படி ஒரு டி செல்லை முதலில் வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸெலிக் எஷ்ஹார். 1980களின் இறுதியில் அவர் தொடங்கிய வேலை, அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்ற ஆண்டு 2017.

★ இந்தச் சிகிச்சை பெற்ற முதல் குழந்தை, ரத்தப் புற்றுநோய் இருமுறை திரும்பிய 6 வயதுச் சிறுமி. 2012இல் பிலடெல்பியாவில் செல்களை ஏற்றியதும் கடும் காய்ச்சல் வந்து உயிருக்கே ஆபத்தானது. ரத்தத்தில் ‘ஐ.எல்-6’ என்ற புரதம் எகிறியிருந்தது. அதை அடக்கும் மூட்டுவாத மருந்து ஒன்று, ஆய்வுக் குழுத் தலைவர் கார்ல் ஜூனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. காரணம், அவருடைய மகளுக்குச் சிறுவயதிலேயே மூட்டுவாதம். அந்த மருந்து சிறுமியைக் காப்பாற்றியது. பத்தாண்டு கடந்தும் புற்றுநோய் திரும்பவில்லை. அதே மருந்தைத்தான் இன்று உலகெங்கும் இந்தப் பக்கவிளைவுக்குக் கொடுக்கிறார்கள்.

★ 2010இல் இந்தச் செல்களை ஏற்றிக்கொண்ட இருவரின் ரத்தத்தில், பத்தாண்டு கழித்தும் அவை உயிரோடு இருந்தன. ஒருமுறை ஏற்றியதற்கு இத்தனை நீண்ட காவல்!

★ பெரும்பாலான கார்-டி செல்கள் தேடுவது ‘சி.டி.19’ என்ற அடையாளத்தை. இது புற்றுநோயாக மாறிய பி செல்லிலும் இருக்கும், நல்ல பி செல்லிலும் இருக்கும். இரண்டுமே அழிவதால், நல்ல பி செல்கள் வழியாகக் கிடைக்கும், கிருமியை எதிர்க்கும் புரதம் குறைந்துபோகிறது. சிலருக்கு அதை வெளியிலிருந்து ஏற்ற வேண்டிவரும்.

★ ஒரே ஒரு செல் செய்த விபரீதமும் உண்டு. தயாரிப்பின்போது தப்பித்தவறி ஒரு புற்றுநோய் செல்லுக்குள்ளேயே புதிய மரபணு புகுந்து, அதன் அடையாளத்தை மறைத்துவிட்டது. கார்-டி செல்களின் கண்ணில் படாமல் அந்தப் புற்றுநோய் செல் பெருகி, நோயாளி உயிரிழந்தார். மிக அரிதான இந்த நிகழ்வு 2018இல் ஆய்விதழில் வெளியானது. தயாரிப்பில் எவ்வளவு கண்டிப்பு தேவை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

★ செல்லை மாற்றாமல், எண்ணிக்கையை மட்டும் பெருக்கும் வழியும் இருக்கிறது. அறுத்தெடுத்த கட்டிக்குள் ஏற்கெனவே போராடிக்கொண்டிருக்கும் டி செல்களைப் பிரித்து, கோடிக்கணக்கில் வளர்த்து, திருப்பி ஏற்றுவார்கள். அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் ரோசன்பர்க் குழு 1988இல் இதன் பலனை வெளியிட்டது. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு 2024இல்தான் அனுமதி கிடைத்தது.

★ அமெரிக்காவில் 2017இல் முதல் கார்-டி மருந்தின் விலை 4,75,000 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 3 கோடி ரூபாய். மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய ‘நெக்ஸ்கார்19’ இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. விலை, வெளிநாட்டு மருந்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனாலும் சாதாரணக் குடும்பத்துக்கு இது இன்னமும் எட்டாத தொகைதான்.

★ நம் வேலூர் சி.எம்.சி.யில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து நடந்த ஆய்வில், மருத்துவமனைக்குள்ளேயே ஏறத்தாழ 9 நாட்களில் இந்தச் செல்களைத் தயாரித்திருக்கிறார்கள். தொலைதூரத் தொழிற்சாலைக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்கும் நோயாளிக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம்.

★ புற்றுநோயைத் தாண்டியும் இந்தச் சிகிச்சை போகிறது. ஜெர்மனியின் எர்லாங்கன் மருத்துவர்கள், நோய் எதிர்ப்பாற்றலே சொந்த உடலைத் தாக்கும் லூபஸ் என்ற நோய் கொண்ட சிலருக்கு இதே முறையைக் கையாண்டு நோயை அடக்கியிருக்கிறார்கள்.

★ கடைசியாக, மறக்கக் கூடாத ஒன்று. புற்றுநோய்களில் கார்-டி இன்று கைகொடுப்பது சிலவகை ரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், மயலோமா ஆகியவற்றுக்குத்தான். அவற்றிலும் எல்லாருக்கும் பலிப்பதில்லை. மார்பகம், நுரையீரல், குடல் கட்டிகளுக்கு இன்னும் ஆய்வுதான் நடக்கிறது. ‘நோய் எதிர்ப்புச் செல் ஏற்றினால் எந்தப் புற்றுநோயும் போய்விடும்’ என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையையும் நிறுத்தாதீர்கள். இந்தச் சிகிச்சைக்கு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி இருக்கிறதா, நம் நோய்க்கு இது பொருந்துமா என்ற இரண்டு கேள்விகளையும் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.