கயிறு தாங்கிய பின்னும் ஆபத்து உண்டு

உயரத்தில் பணிபுரிவோருக்கு இடுப்புப் பெல்ட் மட்டும் போதாது. தவறி விழும்போது அதிர்ச்சி முழுவதும் வயிற்றையும் முதுகெலும்பையும் தாக்கும். ஹார்னஸ் எனப்படும் முழு உடல் பாதுகாப்புப் பட்டை, அவ்விசையைத் தொடை, இடுப்பெலும்பு, மார்பு, தோள் ஆகியவற்றிற்குப் பகிர்ந்தளிக்கிறது.

ஆயினும், பட்டை தாங்கியவுடன் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. அசைவின்றித் தொங்குபவரின் கால்களில் இரத்தம் தேங்கும். மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையும். தரையில் மயங்கி விழுபவர் படுத்த நிலையை அடைவதால் மூளைக்கு இரத்தம் மீளும். தொங்குபவருக்கு அவ்வாய்ப்பில்லை. சில நிமிடங்களிலேயே மயக்கமும், மீட்பு தாமதித்தால் மரணமும் நேரலாம்.

நினைவுடன் தொங்குபவர் கால்களை இடைவிடாது அசைக்க வேண்டும். உடனிருப்போர் 108-ஐ அழைத்து, அவரை விரைவாகவும் பாதுகாப்பாகவும் கீழிறக்கி, மல்லாந்து படுக்கவைக்க வேண்டும். மூச்சில்லையெனில் உடனே மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். நெடுநேரம் தொங்கியவர் நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். தசைச் சிதைவால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சிறுநீர் தேநீர் நிறத்தில் கழிவது அதன் அறிகுறி.

வேலைக்குப் புறப்படுபவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்குமாறு குடும்பத்தினரை நாங்கள் வேண்டுகிறோம்: ஹார்னஸ் இருக்கிறதா? தொங்க நேர்ந்தால் உடனே கீழிறக்க அங்கே யார் இருக்கிறார்கள்?